கொக்கு பறந்தா யாருக்குக் கோவம் வரும்? போராட்டப் பாட்டு வீடியோவ எப்படிப் பாக்குறது

திருமங்கலத்துல தியாகி விஸ்வநாததாஸ் நினைவு இல்லம்னு ஒண்ணு இருக்கு. மதுரைலருந்து ராஜபாளையம், விருதுநகர், தென்காசின்னு எங்க கெளம்புனாலும் திருமங்கலத்தத் தொட்டுத்தான் போறோம், ஆனா அந்த வீட்டுக்குள்ள போய்ப் பாத்தவங்க எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. விஸ்வநாததாஸ் நாடக நடிகர், 1886ல சிவகாசில பொறந்து திருமங்கலத்துல வாழ்ந்தவர், வள்ளி திருமணம் நாடகத்துல முருகன் வேஷம் கட்டுவாரு. கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வள்ளி தினைப்புனம் காக்குறா, பறவைங்க கதிரக் கொத்த வருது, வெரட்டணும். அந்த எடத்துல இவரு ஒரு பாட்டு எடுத்து விடுவாரு, 'கொக்கு பறக்குதடி பாப்பா'ன்னு. எழுதுனது நம்ம மதுரகவி பாஸ்கரதாஸ். அதுவும் எந்தக் கொக்கு? வெள்ளக் கொக்கு.

காலம் வெள்ளக்காரன் காலம். மேடையில தெரியிறது தினைக்காடு, காதுல விழுறது கொக்கு, ஆனா கீழ ஒக்காந்துருக்க சம்சாரிக்குப் புரிஞ்சது வேற, நம்ம வெளச்சல யாரு கொத்திட்டுப் போறான்னு அவனுக்கு யாரும் வெளக்கிச் சொல்லத் தேவையில்ல. போலீசுக்கும் புரிஞ்சுச்சு, அதனாலதான் அவர திரும்பத் திரும்பப் புடிச்சு உள்ள போட்டாங்க. 1940 டிசம்பர் 31ல சென்னையில நாடகம் நடக்கும்போதே முருகன் வேஷத்துலயே மேடையில உயிர் போச்சு அவருக்கு.

போன மாசம் எங்க அக்கா மக எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. காலேஜ்ல விஸ்காம் படிக்கிறா, மியூசிக் வீடியோவுல சமூக எதிர்ப்பு எப்படி வருதுன்னு எழுதச் சொல்லிருக்காங்களாம். "மாமா, பாட்டுல யாராச்சும் கோவமா கத்துனா அது போராட்டப் பாட்டாயிருமா?"ன்னா. நான் மேலூர்ல கல்யாண வீடியோ எடிட் பண்றவன், அதனால எங்கிட்ட கேட்டா. அப்ப நான் அவளுக்கு மொதல்ல சொன்னது இந்தக் கொக்குக் கதையதான், ஏன்னா விஷயம் மொத்தமும் அதுக்குள்ளயே இருக்கு. கண்ணுக்கு ஒண்ணு காட்டணும், காதுக்கு ஒண்ணு சொல்லணும், ரெண்டும் சேந்து பாக்குறவன் மண்டைக்குள்ள மூணாவதா ஒண்ணு உருவாகணும், அந்த மூணாவதுதான் போராட்டம். அத நீங்க ஸ்க்ரீன்ல தேடுனாலும் கெடைக்காது, பாட்டுலயும் கெடைக்காது. பாட்டு என்ன சொல்லுதோ அதையே படமும் காட்டுச்சுன்னா, மரத்த வெட்டாதன்னு பாடும்போது மரம் வெட்டுறதயே காட்டுனா, பாக்குறவனுக்குச் செய்யிறதுக்கு ஒரு வேலையும் இல்ல, தலைய ஆட்டிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருவான்.

இன்னொன்னு, இது யூடியூப் வந்தப்பறம் வந்த சமாச்சாரம்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. அமெரிக்காவுல பாட்டு வீடியோவா போடுற எம்டிவி சேனல் தொடங்குனது 1981ல, யூடியூப் 2005ல. ஆனா தமிழோட மொத பேசும்படம் காளிதாஸ், 1931ல வந்தது, அதுலயே கதைக்குச் சம்பந்தமே இல்லாம காந்தியோட ராட்டினத்தப் பத்தி ஒரு பாட்டு இருக்கு. டி.பி.ராஜலட்சுமி பாடுவாங்க. எழுதுனது அதே பாஸ்கரதாஸ். யோசிச்சுப் பாருங்க, படம் ராஜா காலத்துக் கவிஞனோட கதை, பாட்டு ராட்டினம். கதையோட ஒட்டலன்னு அன்னைக்கு யாரும் எந்திரிச்சுப் போகல, ஒட்டாம இருந்ததுதான் அதோட பலமே.

சரி, இப்ப நம்ம காலத்து வீடியோவுக்கு வருவோம். மொதல்ல ஃப்ரேம்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும். கேமரா எவ்வளவு எடத்தப் புடிக்குதோ அதுதான் ஃப்ரேம், சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா ஃப்ரேமுக்குள்ள யார வைக்கிறோம், யார வெளிய தள்ளுறோம்ங்கறதுதான் எல்லாத்தயும் முடிவு பண்ணுது. எங்க தொழில்லருந்தே சொல்றேன். கல்யாண வீட்டுல யாரு யாருக்கு க்ளோஸ்-அப் போடணும்னு எங்களுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க, தாய்மாமன், மாப்ளயோட அத்தை, ஊர்ப் பெரிய மனுசன், கட்சிக்காரர் வந்தா அவரு. சீர் தட்டு வந்தா அதுக்கு தனி ஷாட். பந்தில எலை எடுக்குற அக்கா இருக்காங்கல்ல, காலையில நாலு மணிக்கு வந்து ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் நிப்பாங்க, பதினாலு வருஷமா எடிட் பண்றேன், ஒரே ஒரு ஹைலைட்ஸ்ல கூட நான் அந்த அக்கா மூஞ்சிய வச்சதில்ல. பின்னாடி எங்கயாச்சும் வந்துட்டாகூட க்ராப் பண்ணிருவேன், க்ளீனா இருக்கணும்னு. யாரும் எங்கிட்ட அப்படிச் செய்யச் சொல்லல, கையே செஞ்சிரும். இத ஒருநாள் டைம்லைன்ல ஒக்காந்துருக்கும்போது ஒறச்சுச்சு, அன்னைலருந்து மத்தவங்க வீடியோவ நான் பாக்குற விதமே மாறிப்போச்சு.

2021 மார்ச்ல வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'ய எடுத்துக்கங்க. தீ, அறிவு பாடுனது, சந்தோஷ் நாராயணன் மியூசிக், அமித் கிருஷ்ணன் டைரக்ஷன். எல்லாக் கல்யாண ரிசப்ஷன்லயும் ஆடித் தீத்தாச்சு, கொழந்தைங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடுச்சுங்க. ஆனா அதோட அடில கெடக்குறது அறிவோட பாட்டி வள்ளியம்மாளோட கதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஒழச்சு, பெறகு இங்க திரும்பி வந்த, காடு கழனி உண்டாக்கியும் கையில ஒரு துண்டு நெலம் இல்லாத தலைமொறையோட கதை. அந்தப் பாட்டியே வீடியோவுலயும் வராங்க. கவனிக்க வேண்டியது என்னன்னா, பாவப்பட்ட கெழவியா, கண்ணுல தண்ணியோட, மேலருந்து கீழ பாக்குற ஆங்கிள்ல காட்டியிருக்கலாம், செய்திச் சேனல்ல அப்படித்தான் காட்டுவாங்க. இங்க அப்படி இல்ல, கம்பீரமா காட்டியிருப்பாங்க. கேமராவ கீழ வச்சு மேல பாத்து எடுத்தா எதுத்தாப்ல இருக்கவங்க பெருசா தெரிவாங்க, அத லோ ஆங்கிள்ம்போம், ஹீரோ என்ட்ரிக்குன்னே வச்சுருக்குற ஆங்கிள் அது. பாட்டு ஒப்பாரியோட வாடைய வச்சுக்கிட்டு ஆட்டம் போட வைக்குது, படம் நெலமில்லாதவங்கள நெலத்துக்குச் சொந்தக்காரங்க மாதிரி நிக்க வைக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடவெளி இருக்குல்ல, அதுலதான் நமக்குச் சுருக்குன்னு குத்தும்.

இந்தப் பாட்டு சம்பந்தமா ஒண்ணு சொல்லாம விட முடியல. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு பெரிய இசைப் பத்திரிகையோட அட்டையில அந்தப் பாட்டப் பத்திப் பேசும்போது அறிவோட படம் இல்லாமப் போச்சு, பா.ரஞ்சித் உட்பட பல பேரு வெளிப்படையா கேள்வி கேட்டாங்க. யார ஃப்ரேம விட்டு வெளிய தள்ளுனாங்கன்னு பாடுன பாட்டுக்கே அந்தக் கதி. அதனாலதான் சொல்றேன், ஃப்ரேமுங்கறது வீடியோவோட முடியிறதில்ல, அட்டைப்படம், மேடை, க்ரெடிட்ல போடுற பேரு வரைக்கும் போகுது.

அடுத்தது வார்த்தை. போராட்டப் பாட்டுன்னதும் உரிமை, புரட்சி, விடுதலைன்னு பெரிய பெரிய வார்த்தையா போடணும்னு புதுசா எழுதுற பசங்க நெனைக்கிறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஒரே ஒரு சாதாரண வார்த்தைய எடுத்து அதத் திருப்பிப் போட்டா போதும். 2017 ஜனவரில வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' அதுக்கு ஒசந்த உதாரணம். எழுதுனது கபேர் வாசுகி, பாடுனது டி.எம்.கிருஷ்ணா, எடுத்தது ரதீந்திரன் ஆர்.பிரசாத். பொறம்போக்குங்கறது நம்ம ஊர்ல என்ன? திட்டு. "போடா பொறம்போக்கு"ன்னு வாய் ஓயாம சொல்றோம். ஆனா வருவாய்த்துறைக் கணக்குல அது தனியாள் பட்டா போட முடியாத பொது நெலம், கண்மாய், ஓடை, மேய்ச்சக்காடு, சுடுகாடு, களம் எல்லாம் பொறம்போக்குதான். ஊருக்கே பொதுவானத ஒரு திட்டு வார்த்தையா எப்ப மாத்துனோம்? இந்த ஒரு கேள்விதான் அந்தப் பாட்டு.

அத வச்ச எடம் இருக்கு பாருங்க. கர்நாடக சங்கீதம், ராகமாலிகை, சபாவுல ஏசில ஒக்காந்து கேக்குற சங்கீதம். அத எண்ணூர்ல, அனல்மின் நிலையத்துப் பொகைக்கூண்டும் சாம்பலுமா கெடக்குற கழிமுகத்துல பாடுறாரு, மூஞ்சில மாஸ்க் மாட்டுற காத்துல. இன்னொரு விஷயமும் இதுல இருக்கு, பேச்சுத் தமிழ், அதுவும் மெட்ராஸ் பாஷை, ராகத்துக்குள்ள போயி ஒக்காருது. கேமரா ஒண்ணும் பெருசா வித்த காட்டல. எடம், கொரல், வார்த்தை மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதது, ஒட்டாத மூணையும் ஒரே ஃப்ரேமுல வச்சதுதான் வேலையே. எங்க ஊர்ப் பக்கம் கண்மாய்ல ஆக்கிரமிப்பு எடுக்கும்போது ஒரு பெரியவரு, "இது பொறம்போக்குதானப்பா, யாருக்கென்ன"ன்னாரு, அன்னைக்கு எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு வார்த்தைய இனிமே பழைய மாதிரி சொல்ல முடியாமப் பண்ணிட்டா, அந்த வீடியோ ஜெயிச்சிருச்சுன்னுதான் அர்த்தம், வியூஸ் எவ்வளவுங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம்.

மெட்டு பத்தியும் சொல்லணும். தெரிஞ்ச மெட்டுல தெரியாத சேதிய ஏத்துறது நம்ம ஊர்ல ரொம்பப் பழசு. தேர்தல் வந்தா சினிமாப் பாட்டு மெட்டுல ஓட்டு கேக்குறதில்லையா, அதே வேலைதான். கொடைக்கானல்ல ஹிந்துஸ்தான் யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்துச்சு, பாதரசக் கழிவுப் பிரச்சனை வெளிய வந்து 2001ல மூடுனாங்க. மூடுனதோட முடியல, அங்க வேல பாத்தவங்க வருஷக்கணக்கா நியாயம் கேட்டு அலஞ்சாங்க, மதுரைலருந்து மூணு மணி நேரத்துல போற ஊரு, இங்க எத்தனை பேருக்குத் தெரிஞ்சுச்சு? 2015 ஜூலைல சோஃபியா அஷ்ரஃப்ங்கற சென்னைப் பொண்ணு ஒரு ராப் வீடியோ போட்டாங்க, மெட்டு அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜோட ஒரு ஹிட் பாட்டு, உலகம் பூரா டான்ஸ் ஆடுன மெட்டு. அந்தப் பாட்டுக்கு ஆடிப் பழகுன ஒடம்பு இங்கயும் தன்னால ஆட ஆரம்பிக்கும், ஆடிக்கிட்டு இருக்கும்போதே பாதரசம்ங்கற சொல்லு வந்து விழும். லட்சக்கணக்குல பாத்தாங்க, கம்பெனியோட உலகத் தலைவரே ட்விட்டர்ல பதில் சொல்ற நெலம வந்துச்சு. 2016 மார்ச்ல பழைய தொழிலாளர்கள் 591 பேரோட கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு. பாட்டுனாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அது பதினஞ்சு வருஷம் அலஞ்ச அந்த ஜனங்களுக்குச் செய்யிற அநியாயம். பாட்டு செஞ்சது, அவங்க கதவத் தட்டுற சத்தத்த உலகத்துக்குக் கேக்க வச்சது.

அதே 2015ல டாஸ்மாக்க மூடச் சொல்லி ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடுச்சே, மக்கள் கலை இலக்கியக் கழகத்து கோவன் பாடுனது. அதுல கலர் கரெக்ஷன் இல்ல, ட்ரோன் இல்ல, செட்டு இல்ல. அக்டோபர் கடைசில ராத்திரியோட ராத்திரியா திருச்சில வீட்டுக்குப் போயி தேசத்துரோகச் சட்டம் 124ஏ-ல கைது பண்ணாங்க. சாராயக் கடைய மூடுன்னு பாடுனதுக்குத் தேசத்துரோகம். கைது பண்ண அன்னைக்குத்தான் எங்க தெருவுல இருக்க எல்லா போனுக்கும் அந்தப் பாட்டு வந்து சேந்துச்சு, அது வரைக்கும் நானே கேட்டதில்ல. கொக்குப் பாட்டுக்கும் இதுக்கும் நடுவுல எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா பாடுறவன் வீட்டுக்கு வர்ற பூட்ஸ் சத்தம் ஒண்ணுதான்.

கோவன் பாட்டு மாதிரி நேரடியா பேர் சொல்லிப் பாடுறதுக்கு எடவெளி எங்க இருக்குன்னு அக்கா மக கேட்டா, நல்ல கேள்வி. எனக்குத் தோணுனது, அங்க எடவெளி மெட்டுல இருக்கு. ஊர்ல கும்மியடிக்கிற மெட்டு, துள்ளலா, சிரிச்சுக்கிட்டே கைதட்ட வைக்கிற மெட்டு, அதுக்குள்ள தாலி அறுத்த சேதி. கோவத்தக் கோவமாவே பாடுனா ரெண்டு நிமிஷத்துல காது மரத்துப் போகும்.

வெளிநாட்டுல இதயே வேற மாதிரி செய்றாங்க. 2018 மே மாசம் சைல்டிஷ் கேம்பினோங்கற டொனால்ட் க்ளோவரோட 'திஸ் இஸ் அமெரிக்கா' வந்துச்சு, ஹிரோ முராய் எடுத்தது. மொத தடவ பாக்கும்போது நம்ம கண்ணு அவரு ஆட்டத்து மேலயும் கூட ஆடுற ஸ்கூல் பிள்ளைங்க மேலயும்தான் இருக்கும். ரெண்டாவது தடவ பின்னாடி பாருங்க, ஆளுங்க ஓடுறாங்க, வண்டி எரியுது, கலவரம் நடந்துக்கிட்டே இருக்கு, நாம ஆட்டத்தப் பாத்துக்கிட்டு அத விட்டுட்டோம். நாம விட்டதுதான் அங்க சேதி, பாக்குறவனையே மாட்டி விடுறாங்க. அதுல ஒரு சின்ன விஷயம், சுட்டு முடிச்சதும் துப்பாக்கிய ஒருத்தர் ஓடி வந்து செவப்புத் துணில பதமா வாங்கிட்டுப் போவாரு, செத்தவர தரையோட இழுத்துட்டுப் போவாங்க. ஒரு வார்த்தை கெடையாது, அந்த நாட்டுல எதுக்கு மரியாதைங்கறது அஞ்சு செகண்டுல முடிஞ்சுபோச்சு. இந்த மாதிரி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வைக்கிறத எங்க தொழில்ல டெப்த்ம்போம், கல்யாணத்துல மாலைக்குப் பின்னாடி மங்கலா வெளக்கு தெரியிறதுக்கு மட்டுமே அத யூஸ் பண்ணிட்டு இருந்தேன் நான்.

எம்.ஐ.ஏ, நம்ம ஈழத்துப் பொண்ணு மாயா, 2010ல 'பார்ன் ஃப்ரீ'ன்னு ஒண்ணு பண்ணாங்க, ரொமைன் கவ்ராஸ் எடுத்தது. அதுல ராணுவம் மாதிரி உடுப்புல வர்றவங்க செம்பட்டத் தலமுடிக்காரப் பசங்கள மட்டும் தேடிப் புடிச்சு பஸ்ல ஏத்திட்டுப் போயி கொல்லுவாங்க. தலமுடி செம்பட்டையா இருந்ததுக்குக் கொல்லுவாங்களான்னு பாக்குறவனுக்குத் தோணும்ல, தோணணும், அப்பதான் பேசுற பாஷைக்காகக் கொல்லலாமா, பொறந்த சாதிக்காகக் கொல்லலாமாங்கற கேள்வி தன்னால வரும். ஆளு மாத்திக் காட்டுறதுன்னு இத வச்சுக்கலாம். ரொம்பக் கொடூரமான வீடியோ, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது போட்றாதீங்க, எனக்கே ரெண்டாவது தடவ பாக்கத் தெம்பு இல்ல.

மைக்கேல் ஜாக்சன் 1996ல ஸ்பைக் லீய வச்சு ஒரே பாட்டுக்கு ரெண்டு வீடியோ எடுத்தாரு, ஒண்ணு ஜெயிலுக்குள்ள, இன்னொன்னு பிரேசில்ல, ரியோவோட குடிசைப் பகுதிலயும் சால்வடார் தெருவுலயும் ஓலோடும்ங்கற மேளக் கூட்டத்தோட. குடிசையக் காட்டுனா ஊரு பேரு கெட்டுப் போகும்னு அந்த ஊரு அதிகாரிங்க ஷூட்டிங்க நிறுத்தப் பாத்தாங்க. அந்த மேளத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பறைதான் ஞாபகம் வரும்.

பறையச் சொல்லாம இந்தக் கட்டுரைய எப்படி முடிக்க? நம்ம பக்கத்துல பறைங்கறது வெறும் வாத்தியம் இல்ல, அதுவே ஒரு ஷாட். சாவுக்கு அடிக்கணும்னு ஒரு கூட்டத்துத் தலையில கட்டுன கருவி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுல பொண்ணுங்க நிமிந்து நின்னு அத அடிக்கும்போது பாட்டே வேணாம், பொண்ணு, பறை, நிமிந்த முதுகு, மூணு விஷயம் மூணு பழைய கட்டளைய ஒடைக்குது. கே.ஏ.குணசேகரன் இளையான்குடிப் பக்கத்து மனுசர், வெண்மணி சம்பவத்துக்கு அப்பறம் இன்குலாப் எழுதுன 'மனுசங்கடா' பாட்ட ஊர் ஊரா பாடுனாரு. கீழவெண்மணில 1968 டிசம்பர் 25ல 44 பேரக் குடிசைக்குள்ள வச்சு எரிச்ச சேதி எத்தனையோ பேருக்கு அந்தப் பாட்டு வழியாத்தான் போய்ச் சேந்துச்சு. அன்னைக்கு வீடியோ இல்ல, அவரு ஒடம்புதான் வீடியோ. பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேந்து கட்டுன கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு 2018 ஜனவரில சென்னையில மேடையேறுனப்ப கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒண்ணா நின்னுச்சு, எல்லாரும் கோட்டு சூட்டுல. யாரு கோட்டு போட்டாருன்னு நமக்குத் தெரியும்ல, அம்பேத்கர். அந்த உடுப்பே ஒரு வரி.

ஜல்லிக்கட்டப் பத்தி எழுதலன்னா மதுரக்காரன்னு சொல்லிக்க முடியாது. 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, 2016 பொங்கலுக்கு ஹிப்ஹாப் தமிழாவோட 'டக்கரு டக்கரு' வந்துச்சு, அதுக்கு அடுத்த பொங்கலுக்கு அலங்காநல்லூர்ல ஒக்காந்த பசங்க, தமுக்கத்துல ஒக்காந்த பசங்க, செல்லூர்ல வைகைப் பாலத்து மேல நின்ன ரயிலு, எல்லாம் நாம கண்ணால பாத்தது. நானும் தமுக்கத்துல ரெண்டு ராத்திரி இருந்தேன். காளைங்கற உருவம் எவ்வளவு வலுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு, திமிலப் பாத்தாலே ஒடம்பு சிலுக்கும், அதுக்கு வெளக்கமே வேணாம். ஆனா அந்த வலுவுலயே ஒரு ஆபத்தும் இருக்கு, காளை ஃப்ரேம முழுசா அடச்சுக்கிட்டா வாடிவாசல்ல யாருக்கு மொத மரியாதை, யாரு காளைய ஊருக்குள்ள கொண்டு வரும்போது சண்டை வருதுங்கறதெல்லாம் ஃப்ரேமுக்கு வெளிய போயிரும். ஒரு போராட்ட வீடியோவப் பாக்கும்போது அது எத எதிர்க்குதுன்னு மட்டும் பாக்காதீங்க, எதப் பத்திப் பேசாம நழுவுதுன்னும் பாருங்க. நான் அந்தக் காளை வீடியோக்கள இன்னமும் விரும்பிப் பாக்குறவன்தான், விரும்புறதுனாலதான் கேக்குறேன்.

கடைசியா எங்க ஊர் விஷயம். 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச சேதி வந்ததும் மேலூர் வட்டாரமே தூங்கல. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022லதான் தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்ச எடம், பாண்டியர் காலத்துக் கொடவரை, தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, வல்லூறு, சுனை எல்லாம் இருக்கு. பக்கத்து ஊர்ப் பசங்க நாலு பேரு எங்கிட்ட வந்தாங்க, "அண்ணே, ஒரு பாட்டு எழுதிருக்கோம், வீடியோவா வெட்டிக் குடுங்க"ன்னு. கூட்டம், கொடி, கோஷம், ட்ரோன்ல மலை, பாட்டுல விடமாட்டோம் விடமாட்டோம். வெட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எந்த ஊருக்கும் எந்தப் பிரச்சனைக்கும் அதப் போட்டுக்கலாம் போல இருந்துச்சு. நாலு பேருக்கும் எனக்கும் ராத்திரி பூரா அதே பேச்சு.

அதுல ஒரு பையனோட அப்பத்தா ஒப்பாரிக்குப் பேரு போனவுக, சுத்துப்பட்டு ஊர்ல சாவுன்னா கூப்புட்டு விடுவாக. மலைக்கு ஒப்பாரி வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தோணுச்சு, போய்க் கேட்டோம். கோவம் வந்துருச்சு. "உசுரோட இருக்கவளுக்கு யாராச்சும் ஒப்பாரி வைப்பாகளா? வாயில வசம்ப வச்சுத் தேய்க்க"ன்னாக. நாங்க கப்சிப். கொஞ்ச நேரம் கழிச்சு அவுகளே, "அங்கிட்டு ஒருத்தி செத்துக் கெடக்காள்ல, அவளுக்கு வேணா பாடுறேன், வண்டிய எடுங்கய்யா"ன்னாக. செத்துக் கெடந்தது மேலூர்ப் பக்கத்துல கிரானைட்டுக்கு வெட்டுன மலை. படிப்படியா, கேக்க வெட்டுன மாதிரி, நடுவுல பச்சத் தண்ணி தேங்கி நிக்கும், பாத்துருப்பீங்க.

அந்தத் தண்ணியப் பாக்க ஒக்காந்தாக. நான் கேமராவ அவுக கை மேல வச்சேன், முந்தானைய முறுக்கிக்கிட்டே பாடுனாக.

"மழைய மறிச்சு நின்ன மகராசி நீதானே
துண்டு துண்டா லாரியேறி தொறைமுகம் போனியே"

அடுத்த நாள் அரிட்டாபட்டி சுனைக்குப் போனோம், அங்க பாட்டு கெடையாது, தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சுட்டு மலையப் பாத்து ஒரு கொலவ போட்டாக, நீளமா, மூச்சு முட்டுற வரைக்கும். மூணு நிமிஷ வீடியோ. மொத பாதி வெட்டுன மலையும் ஒப்பாரியும், பெறகு நாலு செகண்ட் சத்தமே இல்லாம கருப்பு, பெறகு இந்த மலையும் கொலவயும். டங்ஸ்டன்ங்கற சொல்லே அதுல வராது, எந்தக் கம்பெனி பேரும் வராது. ஒப்பாரிய இந்த மலை மேல ஓட்டிப் பாத்தா இன்னும் அழுத்தமா இருக்குமேன்னு எடிட்டிங்ல ஒரு தடவ போட்டுப் பாத்தேன், அந்தப் பையன் ஒடனே, "வேணாம்ணே, அப்பத்தா சொல்லிருக்கு"ன்னான், எடுத்துட்டேன். அவன் சொன்னதுதான் சரி.

2025 ஜனவரி 7ல நரசிங்கம்பட்டிலருந்து மதுரை வரைக்கும் ஜனங்க நடந்தாங்கல்ல, அந்தக் கூட்டத்துல ரெண்டு மூணு எடத்துல போன் ஸ்பீக்கர்ல இந்தக் கொலவ கேட்டுச்சு, கேட்டதும் பக்கத்துல நடந்த பொம்பளைங்களும் சேந்து கொலவ போட்டாங்க. 23ஆம் தேதி ஏலத்த ரத்து பண்ணாங்க.

அந்த வீடியோவோட கடைசி ஷாட்டுக்கு நாங்க திட்டம் எதுவும் போடல. கொலவ முடிஞ்சதும் மூச்சு வாங்கிக்கிட்டே இடுப்புல சொருகுன சுருக்குப் பைய எடுத்து வெத்தலையத் தொடச்சாக, கேமரா இன்னும் ஓடுறது அவுகளுக்குத் தெரியாது. நேரா லென்ஸப் பாத்து, "போதுமாய்யா?"ன்னு கேட்டாக. அத நாங்க வெட்டல.